எட்டு மணிப் பொறை

மார்கழி பிறந்த இரண்டாம் நாள் விடிகாலையில் வீட்டுக்கார மாமி எங்களுக்குக் கெடு வைத்தார். குளிரில் குனிந்து அவர் போட்டு முடித்திருந்த பெரிய புள்ளிக் கோலத்தின் நட்டநடுவில் எங்கள் நாய்க்குட்டி உட்கார்ந்து, நிதானமாக ஒன்றுக்குப் போயிருந்தது.

"ஏம்ப்பா, நான் நாய்க்கு விரோதி இல்லை. போகி வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள அது பழகலேன்னா, பழசெல்லாம் வெளில போற அன்னிக்கு அதுவும் போயிடணும். என்ன?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் முன் போர்ஷன்காரர்களைக் காலி பண்ணச் சொன்னபோதும் மாமி இதே சிரிப்பைத்தான் சிரித்தார்.

குட்டி எங்களிடம் வந்தது ஐப்பசி மழையில். மந்தைவெளியில் எங்கள் தெருமுனையில் அப்பாவுக்கு இஸ்திரி வண்டி. ஒரு நாள் காலை தார்ப்பாயை விலக்கினால், கரி மூட்டைக்குப் பக்கத்தில் கரியோடு கரியாக ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது. துடைத்தபிறகுதான் பழுப்பு நிறம் என்று தெரிந்தது. நான் வைத்த பெயர்கள் எதுவும் நிலைக்கவில்லை. அப்பா என்னைக் கூப்பிடுவதுபோலவே அதையும் "நைனா" என்றார். அவர் கூப்பிட்டால் நாங்கள் இரண்டு பேரும் திரும்புவோம். "ரெண்டுல எது உருப்படுதுன்னு பாக்கலாம்" என்பாள் அம்மா.

அனுப்புவதென்றால் எங்கே அனுப்புவது? நான் வேலைக்குப் போவது பெருங்குடிக்கு. ரயிலிலிருந்து இறங்கி நடக்கும் வழியில், குப்பை மேட்டுப் பக்கத்திலிருந்து வரும் நாய்களை தினமும் பார்ப்பேன். காது கிழிந்தவை, ஒரு காலைத் தூக்கியே நடப்பவை. அவற்றில் ஒன்றிரண்டாவது யார் வீட்டிலோ கொஞ்ச நாள் இருந்திருக்கும் என்று தோன்றும்.

கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டேன். அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். "ரெண்டு மாசக் குட்டி. நாலு வேளை, கொஞ்சம் கொஞ்சமா குடு. சாப்பிட்ட உடனே, தூங்கி எழுந்த உடனே வெளில கொண்டு போ. ஒரே நேரம், ஒரே இடம். அவ்ளோதான்."

எனக்குத் தெரிந்த வழி டைம்டேபிள். பத்தாவதையும் பன்னிரண்டாவதையும் நான் அப்படித்தான் தாண்டினேன். ஒற்றை அறை வீட்டில், அரிசி டிரம்முக்கு மேலே சுவரில் ஒரு டைம்டேபிள் ஒட்டியிருக்கும். அதில் எழுதியிருக்கிற நேரத்தில் வீட்டில் டிவி கிடையாது, பேச்சு கிடையாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால், அதை எல்லாரும் சட்டம் மாதிரி மதித்தார்கள். இப்போதும் ஸ்கேலும் இரண்டு கலர் ஸ்கெட்ச் பேனாவும் வைத்து உட்கார்ந்தேன். காலை ஐந்திலிருந்து இரவு ஒன்பது வரை ஒன்பது கட்டங்கள். உணவுக்குப் பச்சை, வெளியே போக நீலம். பழைய பசைத் தடத்தின் மேலேயே ஒட்டி, ஒரு தடவை சத்தமாகப் படித்தும் காட்டினேன்.

"அழகா கீதுடா" என்றாள் அம்மா.

"கலர்லாம் போட்டுக்கீறான் பார்" என்றார் அப்பா.

ஒரு வாரம் ஆனது. பழகவில்லை என்பது இருக்கட்டும், குட்டி முன்னைவிட மோசமானது. பொது நடையில் மூன்று தடவை, மாமியின் மாடிப்படிக்குக் கீழே ஒரு தடவை. நான் டைம்டேபிளைத் திருத்தினேன். சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டேன். குட்டியின் வயிறு மட்டும் உருண்டையாகிக்கொண்டே போனது. பிறகு பேதி ஆரம்பித்தது. நான் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

ஏழு மணிக்கு அதற்குத் தயிர் சாதம் கொடுத்தேன். எட்டு மணிக்கு அப்பா வண்டியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து டீக்கடைப் பொறை ரொட்டி ஒன்றை எடுத்து உடைத்துக் குட்டியின் முன்னால் போட்டார்.

"இன்னாப்பா பண்றே?"

"எட்டு ஆச்சுல்ல, நைனா. நீதானே எழுதி வச்சிக்கீறே."

எட்டு என்ற எண்ணுக்கு எதிரே நான் எழுதியிருந்தது: 'தூக்கம். எதுவும் கொடுக்கக் கூடாது.'

அப்பாவுக்கு எண்கள் தெரியும். துணி மூட்டைகளைக் கதவு எண் பார்த்துத்தான் பிரிப்பார். எழுத்து தெரியாது. ஒன்பது எண் இருந்தது, என் கண்ணில் படாமலே ஒன்பது தடவை பொறை கொடுத்திருக்கிறார். வண்டியில் எத்தனை வேலை இருந்தாலும் ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வேகமாகப் பாத்திரம் கழுவத் தொடங்கினாள்.

"நீ இன்னாம்மா குடுத்தே?"

"ஒண்ணியும் இல்லடா. அது என் மூஞ்சிய பார்த்துக்கினு அழுவும். டீல பன்னு தொட்டுக் குடுப்பேன்."

"எத்தினி தடவை?"

"அது எத்தினி தடவை அழுதுச்சோ."

"சொம்மா சொல்லாத, உன்கிட்ட அது நாள் பூரா அழுவும்" என்றார் அப்பா.

நான்தான் முதலில் சிரித்தேன். சிரித்து முடித்தபிறகு அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அலுவலகத்தில் என் வேலையே, முகம் தெரியாத வாடிக்கையாளர்களுக்குப் புரிகிற மாதிரி படிப்படியாக எழுதி அனுப்புவது. நான் சொந்த வீட்டுக்கு எழுதியதோ, என்னைத் தவிர யாராலும் படிக்க முடியாத ஒன்று. அவர்களும் கேட்கவில்லை. அந்தச் சுவர் என்னுடையது, அதில் ஒட்டுகிற காகிதம் என் படிப்பு. வீட்டுக்கு வெள்ளையடித்தபோதுகூட அம்மா பழைய டைம்டேபிளைச் சுற்றித்தான் அடித்தாள். மகன் எழுதியதில் தனக்கும் ஏதாவது வேலை சொல்லியிருக்கும் என்று அவள் எப்படி நினைப்பாள்?

அன்று சாயங்காலம் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம், பேனா இல்லாமல்.

"காலைல மொதல்ல இன்னா சத்தம் கேக்கும்?" என்று கேட்டேன்.

"பால் வண்டிக்காரன் பாக்கெட் டப்பைத் தூக்கிப் போடுவான்" என்றாள் அம்மா.

அப்படியானால் அது என் வேலை. பால் வண்டிச் சத்தம் கேட்டதும் குட்டியைத் தூக்கிக்கொண்டு, கேட்டுக்கு வெளியே இடப்பக்கம் இருக்கிற முருங்கை மரத்தடிக்குப் போக வேண்டும். அம்மா அடிபம்பில் கடைசிக் குடம் பிடித்ததும் முதல் சோறு. பின்தெருப் பள்ளியின் சாப்பாட்டு மணிக்கு அப்பா எப்படியும் வீட்டுக்கு வருவார், அது இரண்டாவது. பள்ளி விடும் மணி அம்மாவுடையது. கோயில் மணி அடிக்கும்போது நான் ரயிலிலிருந்து இறங்கியிருப்பேன், நாலாவது என்னுடையது. கிண்ணம் காலியானால் கொடுத்தவரே மரத்தடிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எட்டு மணி பொறை மட்டும் இருக்கட்டும். பழகிடுச்சு."

"அதுக்கா, உனுக்கா?" என்றாள் அம்மா.

இருக்கட்டும் என்று விட்டேன். அரைப் பொறைக்குப் பேசி முடித்தோம்.

பேதி இரண்டு நாளில் நின்றது. முதலில் தூக்கிக்கொண்டு போனேன். பிறகு அதுவே என் காலோடு நடந்தது, கோலத்தை மிதிக்காமல் சுவரை ஒட்டி. இடையில் இரண்டு தடவை தவறியது, நடையில்தான். மாமி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "போகி வரதுடா" என்று அதனிடமே சொல்லிவிட்டுப் போனார்.

போகியும் வந்தது. ஒன்றை நாங்கள் மூன்று பேரும் யோசிக்கவில்லை. அன்றைக்கு விடியும் முன்பே தெரு முழுக்கப் பிள்ளைகள் அடிக்கும் போகி மேளம். அந்தச் சத்தத்தில் பால் வண்டி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. நான் கண் விழித்தபோது அம்மா பம்படியில் இருந்தாள், கதவு திறந்திருந்தது, குட்டியின் கோணி காலியாக இருந்தது.

நடையில் ஓடினேன். வாசலில் புகை. அகலமாகக் கலர்க் கோலம் போட்டுக்கொண்டிருந்த மாமி, மாவுக் கிண்ணத்தோடு அப்படியே நின்றிருந்தார். கோலத்துக்கு இந்தப் பக்கம், ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு குட்டி நின்றது. ஒவ்வொரு மேள அடிக்கும் அதன் முதுகு சிலிர்த்தது.

நான் அதை நோக்கி அடியெடுத்து வைத்தேன்.

"ஓடாதே, மிரண்டுடும்" என்றார் மாமி மெதுவாக.

நின்றேன். குட்டி தெருவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. பிறகு சுவரோடு உடம்பை உரசிக்கொண்டு, கோலத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த விரற்கடை இடத்தில் ஒவ்வொரு காலாக வைத்து நடந்தது. முருங்கை மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தது. அவ்வளவு நேரம் உட்கார்ந்ததை நான் பார்த்ததே இல்லை.

திரும்பி வரும்போது சந்தோஷம் தாங்காமல் வாலை ஆட்டியதில், கோலத்தின் ஓரத்தில் நாலு புள்ளி அழிந்தது. நான் மாமியின் முகத்தைப் பார்த்தேன்.

"வாலைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே" என்றார். குனிந்து நாலு புள்ளியையும் திரும்ப வைத்தார்.

மறுநாள் பொங்கல். எட்டு மணிக்கு அரைப் பொறையோடு வந்த அப்பா வாசலிலேயே நின்று, "நைனா, இங்க வா" என்றார். நானும் போனேன், குட்டியும் போனது. மாமியின் பொங்கல் கோலம் வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது. இடப்பக்கச் சுவரோரம் மட்டும், ஒரு சாண் அகலத்துக்கு, கோடில்லாத வெறும் தரை முருங்கை மரம் வரைக்கும் போயிருந்தது.