அறிவிப்பு எதுவும் இல்லாத செவ்வாய்க்கிழமை

மசாக்கா நகரத்துச் சிறிய வானொலி நிலையமொன்றில் லெயோன்சியோ கிசூலே வேலைக்குச் சேர்ந்தது கம்பி இழுப்பதற்கும் கூரைமேல் ஏறி ஆன்டெனாவைத் திருகுவதற்கும்தான். கணினியை அவருக்கு யாரும் முறையாகக் கற்பிக்கவில்லை. நிலையத்துக்கு முதல் கணினி வந்த நாளில் அதன் அட்டைப்பெட்டியைப் பிரித்தவர் அவர் என்பதால் அதன் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. ஆறு ஆண்டுகள் கழித்துச் சாவு அறிவிப்புகளுக்கென்று ஓர் இணையப் பக்கத்தை அவரே எழுதி முடித்தபோது, அது ஓடுவதைக் கண்டு ஊரைவிட அதிகமாக வியந்தவர் அவர்தான்.

பக்கத்தின் வேலை எளியது. இறந்தவரின் வீட்டார் பெயரையும் ஊரையும் அடக்கம் நடக்கும் நேரத்தையும் கைப்பேசி வழியே அனுப்புவார்கள். அது தரவுத்தளத்தில் ஏறி, பலகை என்று எல்லோரும் அழைத்த அந்தப் பக்கத்தில் தோன்றும். பகல் ஒரு மணிக்கு ஃபிலோமேனா நகிண்டு அதைப் பார்த்து ஒலிவாங்கியில் வாசிப்பாள். தொலைவில் இருப்பவர்கள் தேடல் பெட்டியில் ஒரு பெயரைத் தட்டினால் எங்கே, எப்போது என்று விடை கிடைக்கும். அடக்கம் முடிந்ததும் அந்த வரி பலகையிலிருந்து தானே இறங்கிப் பழைய அறிவிப்புகளின் தொகுப்பில் சேரும்; பிறகு தேடினாலும் அங்கிருந்து கிடைக்கும்.

ஃபிலோமேனா கிசூலேயைவிட நான்கு வயது மூத்தவள். அவளுடைய குரலைக் கேட்டதும் அடுப்படியில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுக்காத வீடு அந்த வட்டாரத்தில் கிடையாது. ஒலிபரப்பு அறையின் அலமாரியில், பழைய நாடாக்களுக்குப் பின்னால், இறந்தவரைச் சுற்றிப் புதைக்கும் மரவுரி ஒன்றை அவள் மடித்து வைத்திருந்தாள். ஒருநாள் நாடா தேடப் போன கிசூலேயின் கையில் அது தட்டுப்பட்டது.

"இது யாருக்கு அக்கா? இன்னும் யாரும் சாகலியே."

"எங்கப்பாவுக்கு. இன்னும் சாகல. அவசரப்படாதே."

அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது தந்தை கௌதென்சியோ வேறொருத்தியுடன் செம்பபூலேப் பக்கம் குடிபோய்விட்டார். இருபதாவது வயதில் அவள் அவரைத் தேடிப் போனாள். அவர் வாசலுக்கு வந்து, இப்படியொரு மகள் எனக்கு இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"உயிரோட இருக்கறவரு என்னை வெளியில நிறுத்திட்டாரு. செத்தவரால நிறுத்த முடியாது பாரு. மரவுரியோட வந்த பிள்ளைய எந்த வீட்டுலயும் திருப்பி அனுப்ப மாட்டாங்க. என் மரவுரியைச் சுத்தித்தான் அவரைக் குழியில இறக்கணும். அப்ப மக இல்லன்னு சொல்லட்டும், பாக்கறேன்."

"சேதி எப்படித் தெரியும்? உங்க நம்பர் அவங்ககிட்ட இருக்கா?"

"எதுக்கு? இந்தப் பக்கத்துல எவன் செத்தாலும் என் வாய் வழியாத்தானே போவான். அவரு பேரும் ஒருநாள் என் கைக்கு வந்தாகணும். வாசிச்சு முடிச்சுட்டு எழுந்து போயிடுவேன். மீதியை நீ வாசி, உன் தவளைக் குரல்ல."

இருபது ஆண்டுகளாக அவள் அந்த நாற்காலியைவிட்டு நகராததன் காரணம் கிசூலேக்கு அன்றுதான் விளங்கியது.

நிலையத்தின் உரிமையாளர் கபூயே. இரட்டைப் பிள்ளைகளின் தகப்பன் என்பதால் அவரைச் சலோங்கோ என்றே எல்லோரும் அழைத்தார்கள். ஒருமுறை கிசூலே நடுப்பகலில் பக்கத்தைப் பழுதுபார்க்கப் போய், அது அரைநாள் முடங்கி, ஒரு மனிதர் தம் அண்ணனின் அடக்கத்துக்கு வந்துசேர முடியாமல் போயிற்று. அதன்பின் சலோங்கோ ஒரு விதி வைத்தார். ஊரில் ஒரு பிணம் மண்ணுக்குள் போகும்வரை யாரும் தோட்டத்தில் மண்வெட்டியைத் தொடுவதில்லை. அதே ஒழுங்கு பலகைக்கும் பொருந்தும். அதில் ஒரு பெயர் இருக்கும்வரை யாரும் அதில் கைவைக்கக் கூடாது. கிசூலே அதைத் தவறாகக் கருதவில்லை. அண்ணனின் அடக்கத்தைத் தவறவிட்ட அந்த மனிதரின் முகத்தை அவரும் பார்த்திருந்தார்.

அந்த ஆண்டு மார்ச்சில் கம்பாலாவில் ஐந்து நாள் பயிற்சிக்கு அவரை அனுப்பினார்கள். மூன்றாம் நாள், பயிற்சியாளர் ஒரு மாதிரிப் பக்கத்தின் தேடல் பெட்டியில் பெயருக்குப் பதிலாக ஒரு கட்டளையைத் தட்டினார். பட்டியல் முழுவதும் அழிந்தது. தட்டியதை அப்படியே வினாவோடு ஒட்டித் தரவுத்தளத்துக்கு அனுப்பினால், எது தேடும் பெயர், எது ஆணை என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது என்றார். கிசூலே அன்று மதியம் மத்தோக்கே என்ற வாழைக்காய் மசியலைத் தட்டிலேயே விட்டு எழுந்தார். திரையில் அவர் கண்டது தம் பக்கத்தையே.

செய்ய வேண்டியதையும் அங்கேயே கற்றார். வினாவை முதலிலேயே வடிவமைத்து, பெயருக்கு உரிய இடத்தை மட்டும் காலியாக விட்டுத் தரவுத்தளத்திடம் கொடுத்துவிட வேண்டும். வந்தவர் தட்டியதைப் பிறகு தனியே கொடுக்க வேண்டும். அங்கே என்ன வந்தாலும் அது வெறும் பெயராகவே தேடப்படும். ஆணையாக ஒருபோதும் எழுந்து நிற்காது. இன்னொன்று, தேடும் பக்கம் வாசிக்கும் உரிமை மட்டுமுள்ள கணக்கில் நுழைந்தால் போதும். கிசூலேயின் பக்கமோ முதல் நாளிலிருந்து எல்லா அதிகாரமும் உள்ள ஒரே கணக்கில் நுழைந்துகொண்டிருந்தது.

ஊர் திரும்பியதும் ஒரு வாரத்தில் புதிய பக்கத்தை எழுதி முடித்தார். சலோங்கோவிடம் போனார்.

"ரெண்டு மணி நேரம் பலகையை மூடணும் சலோங்கோ. ஓட்டை இருக்கு. யார் வேணாலும் உள்ள வந்து அழிச்சுடலாம்."

"யாராவது வந்தாங்களா?"

"இதுவரைக்கும் இல்ல."

"இப்ப எத்தனை பேரு இருக்காங்க பலகையில?"

"பதினாலு."

"பதினாலு பேரை வெளியில போட்டுட்டு நீ மண்ணு வெட்டப் போறியா? பலகை காலியாகட்டும். அன்னிக்கு ரெண்டு மணி நேரம் என்ன, நாள் முழுக்க எடுத்துக்க."

பலகை காலியாகவில்லை. நிலையத்தின் ஒலி எட்டும் தூரத்துக்குள் ஒருவரும் இறவாத நாள் எங்கிருந்து வரும்? புதிய பக்கம் ஒரு கோப்புறையில் ஏப்ரல் முழுதும், மே முழுதும் காத்துக் கிடந்தது. காலையில் வந்ததும் பலகையைத் திறந்து எண்ணிக்கையைப் பார்ப்பார், மூடிவிடுவார். யாருக்கும் சொல்லாமல் ஒரு ஞாயிறன்று மாற்றியிருக்கலாம். சொன்ன சொல்லைத் தாண்டிப் பழகாத மனிதர், தாண்டவில்லை.

ஜூன் முதல் வாரம் ஊரில் பாதிப்பேர் நமுகோங்கோ திருத்தலத்துக்கு யாத்திரை போயிருந்தார்கள். பலகையின் எண்ணிக்கை சனியன்று ஒன்பதாகவும், ஞாயிறன்று ஆறாகவும், திங்களன்று மூன்றாகவும் குறைந்தது. அந்த மூவரின் அடக்கமும் திங்கள் மாலைக்குள் முடிந்தது. செவ்வாய்க் காலை எட்டரை மணிக்குக் கிசூலே பலகையைத் திறந்தார். ஒரு பெயரும் இல்லை.

மூன்று மாதம் எதற்காகக் காத்திருந்தாரோ அது கண்ணெதிரே நின்றது. மனம் விரும்பியதைக் கண் ஆராயாமல் ஏற்றுக்கொண்டது. அவர் சலோங்கோவைப் போனில் அழைத்தார்.

"பலகை காலி."

"நெசமாவா? அப்ப மண்வெட்டிய எடு."

பத்தரை மணிக்குள் புதிய பக்கம் ஏறிவிட்டது. பயிற்சியாளர் தட்டிக் காட்டிய அந்தப் பொல்லாத கட்டளை வரியைத் தேடல் பெட்டியில் தாமே தட்டிப் பார்த்தார். 'இப்பெயரில் அறிவிப்பு இல்லை' என்று பக்கம் அமைதியாக விடை சொன்னது. இஞ்சித் தேநீரோடு ஒலிபரப்பு அறைக்கு வந்து ஃபிலோமேனாவிடம் சொன்னபோது அவருடைய குரலில் ஒரு துள்ளல் இருந்தது.

"இன்னிக்கு உங்களுக்கு லீவு அக்கா."

"ஒருத்தர்கூடவா இல்ல? என்னய்யா இது, சாவே யாத்திரை போயிடுச்சா?"

ஒரு மணிக்கு அவள் ஒலிவாங்கியில் சொன்னாள்: "அன்பான நேயர்களே, இருபது வருஷத்துல முதல் தடவையா இன்னிக்கு வாசிக்க ஒரு பேரும் இல்ல. நம்ம பக்கத்துல யாரும் சாகல. ஆண்டவருக்கு நன்றி சொல்லி, மகிழ்ச்சியா ஒரு பாட்டுக் கேப்போம்."

நாலரை மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. லுகாயாவிலிருந்து ஒரு பெண். விடியற்காலையில் அனுப்பிய தன் மாமியாரின் அறிவிப்பை ஏன் வாசிக்கவில்லை என்று கேட்டாள். கிசூலே, தரவுத்தளம் தனக்குள் நடந்த மாற்றங்களை வரிசையாக எழுதிவைக்கும் பதிவேட்டைத் திறந்தார். விடியலில் நான்கு அறிவிப்புகள் வந்திருந்தன. ஏழு நாற்பதுக்கு, எங்கோ உட்கார்ந்து யாரோ, வேலை செய்கிறதா பார்ப்போம் என்று தேடல் பெட்டியில் ஒரு வரியைத் தட்டியிருந்தார்கள். வேலை செய்தது. நான்கும் அழிந்தன.

மூன்று பெயர்களை ஒரு தாளில் எழுதினார். நான்காவதை எழுதாமல் பேனாவைக் கீழே வைத்தார். கௌதென்சியோ, செம்பபூலே, அடக்கம் இன்று மாலை நான்கு மணி.

அவர் அந்தத் திரையை அப்படியே ஃபிலோமேனாவிடம் காட்டினார். அவள் படித்தாள். சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். எழுந்து அலமாரியைத் திறந்து, நாடாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்துவிட்டு மரவுரியை எடுத்தாள்.

சலோங்கோ தம் காரில் இருவரையும் ஏற்றிக்கொண்டார். மற்ற மூன்று வீட்டாருக்கும் வழியிலிருந்தே பேசினார்கள். அவர்கள் சொந்தக்காரர்களுக்குப் போனிலேயே சொல்லி முடித்திருந்தார்கள். ஃபிலோமேனாவுக்கு மட்டுந்தான் சொல்ல யாரும் இல்லை. அந்தி சாயும் நேரத்தில் கௌதென்சியோவின் வீட்டை அடைந்தார்கள். வாழைத் தோட்டத்தின் ஓரத்தில் புதுமண் குவிந்திருந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எழுந்து வந்தார். அவளுக்குத் தம்பி முறை.

"ரேடியோவுல வாசிக்கற அக்கா நீங்கதானே?"

"ஆமா. மரவுரி கொண்டாந்திருக்கேன்."

அவர் அதை வாங்கவில்லை.

"உங்க நம்பர் எங்ககிட்ட இல்ல. விடியறதுக்கு முன்னாடியே ரேடியோவுக்கு அனுப்பிட்டோம். அக்கா வாசிப்பா, வாசிச்ச கையோட கெளம்பி வந்துடுவான்னு எங்கம்மா சொன்னாங்க. நாலு மணிக்கு மேலயும் காத்திருக்கறதா இருந்தோம். அப்பாவைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஒரு மணிக்கு ரேடியோவைச் சத்தமா வச்சோம்." அவர் புதுமண்ணின் பக்கம் திரும்பினார். "யாரும் சாகலன்னு சொன்னீங்க. பாட்டுப் போட்டீங்க."

ஃபிலோமேனா நீட்டிய மரவுரியைத் திரும்ப மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அவரு உங்களை இல்லன்னு சொன்னாரு, இப்ப நீங்க அவரை இல்லன்னு சொல்லிட்டீங்க, கணக்கு சரியாப் போச்சுன்னு சித்தப்பா சொன்னாரு. யாரும் கோபப்படல அக்கா. மூணு மணிக்கே மண்ணைத் தள்ளிட்டோம்."

கிசூலே முன்னால் வந்து, குற்றம் தம்முடையது என்றும் நடந்தது இன்னதென்றும் சொல்லத் தொடங்கினார். தேடல் பெட்டி, அழிந்த வரி, காலியான பலகை என்று அவர் சொன்ன எதுவும் அந்த முற்றத்தில் யாருக்கும் விளங்கவில்லை. ஒரு கிழவர் மட்டும், "நல்ல பையன். அவளுக்காகப் பேசுறான்" என்று பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார். ஃபிலோமேனா மரவுரியைப் பிரித்துப் புதுமண்ணின்மேல் விரித்தாள். ஓரங்கள் காற்றில் புரண்டன. நான்கு மூலைகளிலும் நான்கு மண்கட்டிகளை வைத்தாள்.

திரும்பும் வழியில் அவள் கேட்டாள்.

"அந்த ஓட்டை உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எத்தனை நாளா?"

"மார்ச்லேர்ந்து."

"அடைக்க எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம்."

வண்டியை ஓட்டிய சலோங்கோ சாலையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: "நான்தான் வேண்டாம்னேன். ஆனா கிசூலே, நான் வேண்டாம்னா நீ விட்டுடுவியா?"



விதியை மறுநாளே நீக்கினார்கள். அழிந்த நான்கு அறிவிப்புகளையும் கிசூலே பதிவேட்டிலிருந்து எடுத்து, உரிய நாளின்கீழ்ப் பழைய அறிவிப்புகளின் தொகுப்பில் சேர்த்தார். காலைதோறும் வந்த அறிவிப்புகளையும் பலகையிலுள்ள பெயர்களையும் ஒரு நோட்டில் எழுதி ஒப்பிட்டுக் கையெழுத்திடும் வழக்கத்தை ஓய்வுபெறும்வரை விடவில்லை. பலகைக்கு அதன்பிறகு ஒரு கேடும் நேரவில்லை. அந்தப் பொல்லாத வரிகள் நூற்றுக்கணக்கில் வந்தன. ஒவ்வொன்றும் அப்படியொரு பெயர் இல்லை என்ற விடையோடு திரும்பிப் போனது.

ஃபிலோமேனா இன்னும் ஒன்பது ஆண்டுகள் வாசித்தாள். கிசூலேயோடு பேச்சை நிறுத்திவிடவில்லை, கேலியை நிறுத்திவிட்டாள். அது எத்தனை பெரிய தண்டனை என்பது அவருக்குத்தான் தெரியும். இடையில் ஒருநாள் பலகை உண்மையாகவே காலியாக இருந்தது. மும்முறை சரிபார்த்த நோட்டை அவர் நீட்டினார். அவள் அதை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"நீ சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா அதை நான் வாசிக்க மாட்டேன்."

ஒரு மணி வந்தது. அறிவிப்புக்கான நேரம் முழுவதும் நிலையம் மௌனமாக இருந்தது.

தேடல் பெட்டிக்கு வரும் வினாக்களையும் கிசூலே நாள்தோறும் பார்வையிடுவார். ஒவ்வோர் ஆண்டும் ஜூனில், அந்தத் தேதியில், பகல் ஒரு மணிக்குச் சற்று முன்னதாக, ஒலிபரப்பு அறையின் கணினியிலிருந்தே ஒரு தேடல் வந்திருக்கும். ஒரே பெயர். தரவுத்தளம் அதைப் பெயராகவே பெற்றுக்கொண்டு, பிழையின்றி விடை தந்திருக்கும்: கௌதென்சியோ, செம்பபூலே, மாலை நான்கு மணி. தாம் அதைப் பார்ப்பதாக அவர் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.