அம்மா குடிக்காத ஐஸ் டீ

மதிப்பிற்குரிய உறவினர்களே, எங்கள் தெருவின் அன்பர்களே!

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவர் நல்லவர் என்று நிறுவ நான் எழுதவில்லை; அந்த வழக்கில் எதிரணியே இல்லை. தம் கடைசிக் கோடையில் அவர் எதற்காகப் போராடினார் என்பதை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

தாமல் ஏரிக்கரையில், உழவுக் குடும்பத்தில் பிறந்தவர் அம்மா. மணமாகிக் காஞ்சிபுரம் வந்தார். தம்பி கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா மறைந்தார். கோயில் பார்க்க வரும் பயணிகள் தங்கும் விடுதியொன்றின் சமையற்கட்டில் வேலை செய்தே எங்கள் இருவரையும் அம்மா படிக்கவைத்தார். ஐஸ் டீ அங்கே கற்றதுதான். தேயிலையை வடித்து ஆறவைத்து, எலுமிச்சை பிழிந்து, புதினா கசக்கிப்போட்டு, ஐஸ் கட்டி மிதக்கவிட்டு அவர் ஊற்றும் பிற்பகல்களில் எங்கள் கூடம் தெருவுக்கே பொதுவானது. தறியிலிருந்து எழுந்து வந்தவர்களும் குடித்தார்கள். மின்சார மீட்டர் பார்க்க வந்தவரும் குடித்தார்.

பிறகு அம்மாவின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. டயாலிசிஸ் தொடங்கியது. மருத்துவர் தண்ணீருக்கு அளவு விதித்தார். நாள் முழுமைக்கும் ஒரு சின்னச் சொம்பு. மாத்திரை விழுங்கும் மிடறும் அதற்குள்தான். ஒருமுறை தாகம் தாளாமல் மீறினார். அன்றே மூச்சு முட்டி ஆம்புலன்ஸில் ஏற்றினோம். அதன்பின் நானும் தம்பியும் அவருக்குக் காவலானோம். கத்திரி வெயிலில் அவர் உதடு வெடித்துக்கிடக்கும். ஆனாலும் பிற்பகல் ஆனால் ஐஸ் டீ போடுவார். அவர் கை ஜாடியைத் தொடும்போதெல்லாம் நான் எழுந்து பக்கத்தில் போய் நிற்பேன்.

ஒருநாள் யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எதிர்வீட்டில் தறிச் சத்தம் கேட்டது; கதவு மட்டும் சாத்தியிருந்தது. ஜாடியில் ஐஸ் கரைந்தது. மூன்றாம் நாள், நான் தடுப்பதற்குள், பாரம் தூக்கக் கூடாத, டயாலிசிஸ் ஊசி ஏறும் அந்தக் கையிலேயே ஜாடியைத் தூக்கிக்கொண்டு அம்மா வெயிலில் இறங்கினார். பதறிப்போய், டம்ளர்களோடு பின்னால் ஓடினேன்.

எதிர்வீட்டுக் கமலாம்மா தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பத்தவர். அம்மாவை அக்கய்யா என்றே அழைப்பார். கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“இன்னாடி கமலா, கதவ சாத்திக்கினு?”

“நீ நாக்கு வறண்டு உக்காந்துக்கினு இருக்க. உன் எதிர்ல நாங்க சில்லுனு குடிச்சா எறங்குமா அக்கய்யா? தெருவுல எல்லாரும் பேசித்தான் வர்றத நிறுத்தினோம்.”

“டாக்டர் தண்ணியதான் அளந்து குடுத்தாரு. ஆளுங்களயுமா அளந்து குடுத்தாரு?”

அம்மா ஊற்றி நீட்டிவிட்டு, ஜாடியைத் திண்ணையில் வைத்தார். கமலாம்மா வாங்கி, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு குடிக்கப் பார்த்தார்.

“இந்தப் பக்கம் திரும்பு. நான் பாக்கணும்.”

திரும்பினார். கண்ணில் நீர் வழியக் குடித்தார். அம்மா அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜாடிக்கும் அம்மாவின் கைக்கும் நடுவில் நான் நின்றேன்.

“எலுமிச்ச கம்மி” என்றார் கமலாம்மா.

“ரெண்டு நாளா அத சொல்ல ஆளில்லயே! நான் ருசி பாக்க முடியாதுன்னு தெரியாதா உனக்கு?”

அம்மா என்னைத் தாண்டிக் கைநீட்டி, ஜாடியிலிருந்து ஒரேயொரு ஐஸ் கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “முறைக்காத. ராத்திரி பங்குல கழிச்சிக்க” என்றார் என்னிடம். அன்றிரவு அவரே மறக்காமல் கழித்துக்கொண்டார்.

மறுநாள் முதல் கூடம் மீண்டும் நிறைந்தது. புளிப்பு, இனிப்பு, புதினா எனத் தெருவே அம்மாவின் நாக்கானது.

கடைசியாக அவர் மருத்துவமனையில் இருந்தபோது எங்கள் சமையற்கட்டில் கமலாம்மாதான் ஐஸ் டீ போட்டார். மூச்சு வாங்க அம்மா கேட்டது ஒன்றுதான்: “இன்னிக்கு வந்தாங்களா?”

“எல்லாரும் வந்தாங்கம்மா.”

“கமலா போட்டதா? சக்கரய அள்ளிக் கொட்டியிருப்பா.”

சிரித்தார். அன்று மாலை அடங்கினார்.

பதினாறாம் நாள் படையலில் ஐஸ் டீ வைத்தோம். தம்பி பழக்கத்தில் கால் டம்ளர் ஊற்றி நிறுத்திவிட்டான். கமலாம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ரொப்பி ஊத்துப்பா. இனிமே அக்கய்யாவுக்கு அளவு ஏது?”

டம்ளர் நிரம்பி, இலையில் வழிந்தது. அதுவரை அழாத தம்பி அப்போதுதான் அழுதான்.

அம்மாவுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்கள், செவிலியர்கள், நேரம் பாராமல் ஆட்டோ ஓட்டிவந்தவர்கள், இறுதிவரை தோள்கொடுத்த உறவினர்கள் அனைவருக்கும் நன்றி. அவர் பார்த்துக்கொண்டிருக்க, முகம் திருப்பாமல் குடித்தீர்களே, எங்கள் தெருவாரே, உங்களுக்கு அதனினும் பெரிய நன்றி. அது எவ்வளவு கடினம் என்பதை அருகில் நின்று பார்த்தவள் நான்.

இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொண்டதும் போய்விடாதீர்கள். கூடத்தில் ஜாடி இருக்கிறது. இன்று நான் போட்டது. குடித்துவிட்டு, எலுமிச்சை சரியா என்று அம்மாவின் படத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்.