நடன மண்டபத்துக்குள் டைப்ரோடோடான்

நோலீன் கிஸேனுக்கு எதையும் அளந்து பார்க்கிற வழக்கமே கிடையாது. குவீன்ஸ்லாந்தின் மேற்குக் கோடியில் மண் சாலை நிரவும் வண்டியை ஆயுசுக்கும் ஓட்டியவள், எல்லாம் குத்துமதிப்புதான். ஓடைக்கரையில் வண்டியின் பிளேடு தட்டி ஒரு பெரிய தாடை எலும்பு எட்டிப் பார்த்ததும், வண்டியை நிறுத்திக் குப்புறப் படுத்துக் கையாலேயே மண்ணைத் தள்ளியவளும் அவள்தான். டைப்ரோடோடான். காண்டாமிருகப் பருமனில், வயிற்றுப் பையில் குட்டியோடு திரிந்து, எந்தக் காலத்திலோ பூண்டற்றுப்போன மிருகம்.

தோண்டத் தோண்ட முழு எலும்புக்கூடே வந்தது; அது ஊரிலேயே இருக்க நகரத்து அருங்காட்சியகம் ஒரே நிபந்தனை போட்டது. சனிக்கிழமைக்குள் பூட்டுள்ள கட்டடத்தில் அது நிற்க வேண்டும். இல்லையென்றால் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஊரே கூடி நோலீனின் ஆட்டுக் கொட்டகையில் இரும்புச் சட்டம் பற்றவைத்து எலும்புகளை நிறுத்தியது. வெள்ளிக்கிழமை காலை ஊர் நடன மண்டபத்துக்குக் கொண்டுவந்தால், பாவி மிருகம் கதவுக்குள் நுழைவேனா என்கிறது! திருப்பினார்கள், சாய்த்தார்கள். ம்ஹூம். பற்றவைத்ததைப் பிரிக்கவும் வழியில்லை.

"அளந்தியா நோலீன்?" என்று கேட்டான், வீடு பெயர்த்து நகர்த்தும் டெஸ்.

"அளந்திருந்தா உன்னை எதுக்குடா கூப்பிடறேன்? ரம்பத்தை எடு."

அந்தப் பக்கத்தில் வீடு மாறுவதென்றால் மரவீட்டையே இரண்டாக அறுத்து லாரியில் ஏற்றுவார்கள். மண்டபமும் கட்டைக்கால்மேல் நிற்கும் மரக்கட்டடம்தான். ஆனால் மண்டபக் கமிட்டித் தலைவி ஐவி வாசலில் குறுக்கே வந்து நின்றாள்.

"என் கல்யாண விருந்து நடந்த இடம்டி! அறுக்கப்போறாளாம், அறுக்க!"

"என் கல்யாணமும் இங்கதான். அந்த ஆளு ஓடிட்டான், மண்டபமா ஓடிடுச்சு? இன்னைக்கே ஒட்டித் தரேன். இந்த எலும்பு போச்சுன்னா திரும்பி வராது ஐவி."

சொல்லும்போதே நோலீனுக்குக் குரல் உடைந்தது. அவள் அழுது ஊரில் யாரும் பார்த்ததில்லை.

ஐவி வாசலை விட்டு விலகினாள். "தரையைக் கீறினீங்க, தொலைச்சிடுவேன்" என்றுவிட்டு எல்லோருக்கும் டீ போடப் போனாள்.

மண்டபம் தர்பூசணி மாதிரி பிளந்தது. டெஸ் ஒரு பாதியை ஜாக்கியில் தூக்கி விலக்க, நடுவில் மிருகத்தை இறக்கினார்கள். விலகிய பாதி திரும்ப ஊர்ந்து வந்து பலகையோடு பலகை பொருந்தியபோது ஊர் போட்ட கூச்சலில் பக்கத்து ஆட்டு மந்தை மிரண்டு ஓடியது. நோலீன் டெஸ்ஸைக் கட்டிப் பிடித்துக் குதித்தாள்.

சனிக்கிழமை லாரியோடு வந்த நகரத்து அதிகாரி மிருகத்தைச் சுற்றி வந்தார். கதவைப் பார்த்தார். மறுபடி மிருகத்தைப் பார்த்தார்.

"அப்ப இதை எப்படிங்க வெளியே எடுக்கறது?"

"எடுக்கவே முடியாதுய்யா!" என்றாள் நோலீன், வாயெல்லாம் பல்லாக.