நிறுத்தச் சொன்ன இடம்

"யார் அந்த அம்மா? நம் எல்லோர் மேலும் கோபமாக இருக்கிறாரே!" என்று ஒருவர் இணையத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள என் கடையில் காலைத் தேநீரோடு அதைப் படித்தேன். தேநீர் ஆறிப்போனது.

பழைய வீடியோ கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றுவது என் வேலை. அதற்கு நான் பயன்படுத்தும் மென்பொருள் இலவசமானது. அதன் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். கேரித் தீவுத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன் நான். ஆனாலும் பல வருடங்களாக ஒவ்வொரு வரியாக மாற்றிப் பார்த்து, எது எதை அசைக்கிறது என்று தெரிந்துகொண்டேன். முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை, எழுதினால் போதும் என்பதால் அது எனக்குப் பிடித்துப்போனது. ஆங்கிலத்துக்குக் கைப்பேசி மொழிபெயர்ப்பு இருந்தது.

கேசட்டில் பதிவை நிறுத்தி மீண்டும் தொடங்கிய இடங்களில், அந்த மென்பொருளில் ஒலி படத்தை விட்டு விலகிப்போகும். அதைச் சரிசெய்து அனுப்பினேன். வேறு யாராவது நிரலை மாற்றும்போது பிழை திரும்பி வருகிறதா என்று சோதிக்க, மாதிரிக்கு ஒரு துண்டு வேண்டும் என்று அதைப் பராமரிப்பவர்கள் கேட்டார்கள். அந்தத் துண்டு நிரலோடு எல்லோருக்கும் போகும். அப்போது ஓடிக்கொண்டிருந்தது கிள்ளானிலிருந்து வந்த கல்யாணக் கேசட். ஒரு துண்டை வெட்டி அனுப்பிவிட்டேன். திரையில் நான் எண்களைத்தான் பார்த்தேன்.

அந்தக் கேள்வியைப் படித்த பிறகு, இப்போதுதான் படத்தைப் பார்த்தேன். பந்தியில் இருக்கும் ஒரு பெண் கேமராவைப் பார்த்துக் கையை நீட்டி, "நிப்பாட்டு லா!" என்கிறாள். பதிவு நிற்கிறது. கேசட் கொடுத்தவரின் மனைவி அவள். உயிரோடு இல்லை. "அவ எங்கயாச்சும் இருக்காளான்னு பாரு தம்பி" என்றுதான் அவர் பையைக் கொடுத்திருந்தார். அவளோ இன்று முன்பின் தெரியாதவர்களின் கணினிகளில் இருந்தாள்.

சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியவே போவதில்லை என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ரயிலேறினேன். எத்தனை முறை ஒத்திகை பார்த்தும், கிள்ளானில் இறங்கும்போது ஒரு சொல்லும் மிச்சமில்லை.

அவர் லோரி ஓட்டி ஓய்ந்தவர். என்னைப் பார்த்ததும், "என்னா தம்பி, நீயே வந்துட்ட? கேசட்டுல பூஞ்சை புடிச்சிருச்சா?" என்றார்.

"இல்லண்ணே. அக்கா இருக்காங்க. இதுவரைக்கும் ஒரு இடத்துல."

கைப்பேசியை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார். "கேமராவக் கண்டாலே ஆகாது இவளுக்கு! ஐசி கார்டுக்குப் படம் எடுக்கவே சண்ட போட்டா."

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"என்னைக் கேட்டியா?"

"கேக்கலண்ணே."

"அவதான் நிப்பாட்டச் சொல்றாளே. அதையா அனுப்புவ? ஊருக்கே காட்டணும்னா உன் மூஞ்சியப் போட வேண்டியதுதான?"

"எடுக்கச் சொல்றேன். ஆனா ஏற்கெனவே எறக்குனவங்ககிட்ட இருக்கும். அத என்னால திரும்ப வாங்க முடியாதுண்ணே."

அவர் கைப்பேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது, "மிச்சம் எத்தன கேசட்டு?" என்றார்.

"மூணு."

"நாளைக்கு வரேன். நான் இல்லாம போடாத."

கடைக்குத் திரும்பி, கேசட்டுகளை ஓட்ட நான் வைத்திருக்கும் பழைய கேமராவில் ஒரு வெற்றுக் கேசட்டைப் போட்டு என் பக்கம் திருப்பினேன். கல்யாண வீடுகளில் போட்டோக்காரர் வந்தால் தூணுக்குப் பின்னால் போகிறவன் நான். சிவப்பு விளக்கு எரிந்தது. நிறுத்தினேன், மறுபடி தொடங்கினேன். அந்தத் துண்டை அனுப்பி, பழையதை நீக்கிவிடும்படி கெஞ்சி எழுதினேன். மாற்றிவிட்டதாகச் சாயங்காலம் பதில் வந்தது.

மறுநாள் கடை திறக்கும்முன்பே அவர் வாசலில் நின்றார். நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"போடு. நீ அந்தப் பக்கம் திரும்பிக்க."

நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். மேளம் கேட்டது, யாரோ சாம்பார் கேட்டார்கள். பதிவு அறுந்து மீண்டும் தொடங்கும் ஒவ்வொரு இடத்திலும், திரும்பிவிடாமல் சுவரையே பார்த்தேன்.