மடை அடைத்த மூன்று நாள்

கார் பருவத்தில் நடவு முடிந்த மூன்றாம் நாள், அக்காளின் கணவரான அத்தான் களைக்கொல்லியை மணலில் கலந்து வயல் முழுவதும் விசிறினார். பிறகு மடையைச் சேறு வைத்து அடைத்தார். மடை என்பது வரப்பில் ஒரு சாண் அகலத்துக்கு விட்ட வெட்டு. கால்வாய்த் தண்ணீர் எங்கள் வயலுக்குள் வந்து, அந்த வெட்டு வழியாகத்தான் கீழ்வயலுக்கு இறங்க வேண்டும். மருந்து களையைப் பிடிக்க வேண்டுமானால் மூன்று நாள் தண்ணீர் நகரக் கூடாது.

கீழ்வயல்காரர் சவூதியில் பல வருடம் வேலை பார்த்துத் திரும்பியவர். நடவுக்கு ஆள் கிடைக்காமல், முளைகட்டிய விதையை உருளைக் கருவியில் போட்டு நேரடியாக விதைத்திருந்தார். அந்த வருடம் பாபநாசம் அணையில் தண்ணீர் குறைவு. கால்வாயில் ஊருக்கு ஊர் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். எங்கள் பகுதிக்கான முறை மறுநாளோடு முடிகிறது. அவருடைய வயலில் சேறு இறுகி, மயிரிழை போல வெடிப்பு ஓடத் தொடங்கியிருந்தது. முளைகள் ஊசி உயரம்கூட வரவில்லை.

அன்று சாயங்காலமே வரப்புக்கு வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, மடையை எதுக்கு அடைச்சிருக்கிய?"

"களை மருந்து போட்டிருக்கு வே. மூணு நாள் பொறும்."

"யூரியா கீழ இறங்கிரும்னு அடைச்சுட்டு மருந்துங்கிய. எனக்குத் தெரியாதா?"

அவர் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. உரம் போட்டவுடன் மடையை அடைப்பது இந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். இல்லாவிட்டால் மேல்வயல் உரத்தில் கீழ்வயல் பச்சை கட்டும்.

"நட்டு மூணாம் நாள் எவன்வே யூரியா போடுவான்? சவூதியில என்னதான் பாத்துட்டு வந்தீரு?"

"அங்க தண்ணிய பாட்டில்ல அடைச்சு வித்தான். இங்கன நீங்க வயல்ல அடைச்சு வச்சிருக்கிய."

அத்தான் சிரிக்கவில்லை. "உமக்காகவும்தான் சொல்லுதேன். இந்தத் தண்ணி இறங்குனா உம்ம முளை அம்புட்டும் போயிரும்."

"நெல்லுக்குப் போடுத மருந்து நெல்லைக் கொல்லுமாக்கும்! உங்க நெல்லு மட்டும் சாகாதோ?"

"என்னது வேர் பிடிச்ச நாத்து. உம்மது இப்பத்தான் முளைக்குது. முளைக்குத எதையும் அது விடாது."

அவர் நம்பாமல் போனார்.

வீட்டில் அக்காள் ஒரு வழி சொன்னாள். வயலின் ஓரத்தில் இரண்டு வரிசை நாற்றைப் பிடுங்கிவிட்டு, கால்வாயிலிருந்து கீழ்வயல் வரை ஒரு சின்ன ஓடை வெட்டினால் மருந்துத் தண்ணீர் கலக்காது.

"வெட்டலாம். அடுத்த வருஷம் அதையே தனக்குப் பாத்தியதைம்பாரு" என்றார் அத்தான்.

அதுவும் வீண் பயமில்லை. பத்திரிகையில் நான் எழுதிய 'நிலத் தகராறு' செய்திகளில் பல, யாரோ ஒருவர் ஒருநாள் தண்ணீர் போக இடம் கொடுத்ததில் தொடங்கியவை.

மறுநாள் விடியலில் நானும் அத்தானும் போனபோது மடை கையகலத்துக்குத் திறந்திருந்தது. பக்கத்தில் மண்வெட்டியோடு கீழ்வயல்காரர் நின்றார். ஒளியவில்லை. எங்கள் தண்ணீர் அவர் வயலின் வடமூலையில் பரவிக்கொண்டிருந்தது.

அடி விழும் என்று நினைத்தேன். அத்தான் மண்வெட்டியைப் பிடுங்கி முதலில் மடையை அடைத்தார். பிறகு கீழ்வயலில் இறங்கி, பரவும் தண்ணீருக்கு முன்னால் சேற்றை அள்ளி அள்ளி அணை போட்டார். "சும்மா நிக்காதீரும் வே, அந்தப் பக்கம் போடும்!" என்று கத்தினார். மூன்று பேருமாக அந்த மூலையை அரைவட்டமாக வளைத்துக் கட்டினோம். அதற்குப் பிறகுதான் ஏச்சு. அதில் பாதியை எழுத முடியாது. கீழ்வயல்காரர் கால் சேற்றைக் கழுவாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

"வயல் வெடிக்கு அண்ணாச்சி. நான் வேற என்ன செய்ய?" என்று மட்டும் கேட்டார்.

அத்தான் எங்கள் வயலின் ஓரத்துக்குப் போய் நாற்றைப் பிடுங்கத் தொடங்கினார். மருந்து விழுந்த மேல்சேற்றை வழித்து எங்கள் வயலுக்குள்ளேயே தள்ளி, அதையே கரையாக மிதித்து, ஓடை வெட்டினோம். கால்வாய்த் தண்ணீர் முறை முடிவதற்குள் கீழ்வயலை நனைத்துவிட்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அத்தான் மடையைத் திறந்தார். கீழ்வயலில் முளைகள் இலை விட்டிருந்தன. வடமூலையில் மட்டும் அவை இருந்த உயரத்திலேயே நின்று வெளுத்திருந்தன. கீழ்வயல்காரர் குனிந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு யாரும் சொல்லாமலே ஓடையை மூடத் தொடங்கினார்.

மூடி முடித்ததும், "நாத்து மிச்சம் கிடக்கா அண்ணாச்சி? மூலை வெறும் தரையால்லா நிக்கப் போகுது" என்றார்.

நாற்றங்காலில் கட்டிப் போட்ட நாற்றுமுடிகள் சில தண்ணீரில் கிடந்தன. அத்தான் அவற்றை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார்.

"மொதல்ல என் ரெண்டு வரிசையை நடும். மிச்சம் இருந்தா உம்ம மூலைக்கு."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் வயலில் இறங்கினார்.