யார் துப்பாக்கி என்று கேட்ட குரல்

இது நடந்தது. கதை கட்டுகிற ஆள் நான் இல்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு கலைமான் மேய்க்கப் போனவன். நம்பாதவர்கள் நம்பவேண்டாம். ரஷ்யாவின் கிழக்குக் கோடியில், எங்கள் கம்சாட்கா பக்கம் துப்பாக்கியோடு வராமல் இருந்தால் போதும்.

என் மனைவி மார்ஃபாவின் தம்பி ப்ரொகோபி. ஆற்றோரம் தனிக் குடிசை. பெண்டாட்டி தூஸ்யா, இரண்டு பெண் குழந்தைகள். அந்த வருடம் செப்டம்பரில் பெரிய கரடி ஒன்று அவன் மீன் கொட்டகையைக் கண்டுபிடித்துவிட்டது. குளிர்காலத்துக்கென்று காயவைத்த சால்மனில் பாதி போயிற்று. நாய்கள் இரண்டும் போயின. ப்ரொகோபி தன் பழைய சின்னத் துப்பாக்கியால் சுட்டான். குண்டு பட்டது. அது உடம்பை உதறிவிட்டு நடந்து போனது. மீதி மீனும் போனால் பனிக்காலத்தில் அந்தப் பிள்ளைகள் வாயில் போட ஒன்றும் இருக்காது.

நாங்கள் எவென் இனத்துக்காரர்கள், கரடியைப் பேர் சொல்லிப் பேசமாட்டோம். பெரியவர் என்போம். தாத்தா என்போம். அவருக்குக் காது தரை முழுக்க இருக்கிறது.

பெரிய துப்பாக்கி வாங்க யோசனை கேட்டு ப்ரொகோபி என் வீட்டுக்கு வந்தான்.

"ஆட்டோமேட்டிக் வாங்கட்டுமா மாமா? விடாம பத்து சுடுமாம். கடைக்காரன் சொன்னான்."

"பெரியவரு கடைக்காரனையா கடிக்கப் போறாரு? குளிர்ல அது சிக்கிக்கிட்டா என்ன பண்ணுவ, கட்டையால அடிப்பியா?"

"அப்ப மேல ஒரு லென்ஸாவது..."

"புதர்லருந்து மூஞ்சிக்கு நேரா வருவாரு மாப்ள. லென்ஸ்ல மூக்கு மயிர எண்ணப் போறியா?"

மார்ஃபா அடுப்பிலிருந்து திரும்பினாள். "இவரு பேச்சக் கேட்டா கடைசில ஈட்டிதான் வாங்கிட்டு வருவ."

நான் சொன்னதைத்தான் வாங்கினான். ஒன்பது மில்லிமீட்டர். ஒவ்வொரு தடவையும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளுகிற ரகம். நுனியில் ஈயம் தெரிகிற கனத்த குண்டு. லேசான வேகக் குண்டு மானுக்குச் சரி. பெரியவருக்குத் தோள் எலும்பு உடையவேண்டும். அவர் நின்ற இடத்திலேயே உட்காரவேண்டும். இல்லையென்றால் செத்துக்கொண்டே வந்து உன்னைக் கொல்வார்.

ப்ரொகோபிக்குத் தலைகால் புரியவில்லை. அதைக் கைக்குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு திரிந்தான்.

எங்களிடம் ஒரு முறை உண்டு. பெரியவர் விழுந்ததும் பக்கத்தில் போய்க் காக்கை மாதிரிக் கரையவேண்டும். "நாங்க இல்ல தாத்தா, ரஷ்யக்காரன் துப்பாக்கி" என்று சொல்லவேண்டும். துப்பாக்கி என்னுடையது என்று யாரும் ஒப்புக்கொள்ளக் கூடாது. ஒப்புக்கொண்டவனை அவர் தேடி வருவார்.

அக்டோபர் முதல் வாரம். சாயங்காலம். கொட்டகைக்குப் பின்னால் இருவரும் உட்கார்ந்திருந்தோம். ஆற்றில் மூடுபனி. காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன. சட்டென்று நின்றன.

அவர் வந்தார். கூழாங்கல் மேல் அத்தனை பெரிய உடம்பு நடக்கிறது... ஒரு கல் உருளும் சத்தம்கூட இல்லை.

டமார்!

ஒரே குண்டு. தோளில். அப்படியே உட்கார்ந்து சாய்ந்தார்.

பின்பக்கமாகப் போய்க் கண்ணைக் கம்பால் தொட்டேன். அசைவில்லை. கா... கா... என்று கரைந்தேன். "நாங்க இல்ல தாத்தா, ரஷ்யக்காரன் துப்பாக்கி" என்றேன். ப்ரொகோபி எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, குண்டு பட்ட இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யார் துப்பாக்கி?"

என் குரல்.

நான் வாயைத் திறக்கவில்லை.

"என்னோடதுதான் மாமா!" என்றான், திரும்பாமலே, சிரித்துக்கொண்டு.

அவன் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"யாருக்குடா பதில் சொன்ன?"

"உங்களுக்குத்தான்."

"நான் கேக்கல."

"வெளையாடாதீங்க மாமா..."

என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

"அத ஆத்துல வீசு. என்னோடது இல்ல, பொய் சொல்லிட்டேன்னு சொல்லு. இப்பவே."

"வீசிட்டா நாளைக்கு எத வெச்சு வெளிய போறது?"

அந்த ஆற்றோரம் வெறுங்கையோடு யாரும் பிழைத்ததில்லை.

நாலு நாள் கழித்து தூஸ்யா படகில் என் வீட்டுக்கு வந்தாள். நான் முட்டிவலியில் படுத்துக்கிடந்தேன்.

"என்னண்ணே, நேத்து சாயங்காலம் எங்க கதவுக்கு வெளிய நின்னு கத்திட்டு, உள்ள வராமலே போயிட்டீங்க?"

மார்ஃபா குறுக்கே வந்தாள். "இவரா? ரெண்டு நாளா கட்டில விட்டு எறங்கலடி."

தூஸ்யா டீயைக் கீழே வைத்தாள்.

"நான் என்ன கேட்டேன்?" என்றேன்.

"யார் துப்பாக்கின்னு... அவரு வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தாரு. ஏன்னு எனக்குப் புரியல."

"பதில் சொல்லலையே?"

"அவரு சொல்லல. சின்னவதான் சொன்னா... அப்பாவோடதுன்னு."

எழுந்தேன். முட்டியாவது ஒன்றாவது. படகை எடுத்தோம். வழியெல்லாம் அந்த வருடத்தின் முதல் பனி.

குடிசை உள்ளேயிருந்து தாழிட்டிருந்தது. பிள்ளைகள் உள்ளே.

"அப்பா எங்க?"

"தண்ணி எடுக்க."

கரையில் வாளி இருந்தது. தளும்பத் தளும்ப நிறைந்து, நேராக.

பனியில் அவன் காலடி. புதருக்குள் போனது.

அவனுடையது மட்டும்.

வேறு தடம் இல்லை... வந்ததும் இல்லை, போனதும் இல்லை.

அங்கே கிடந்தான். எப்படிக் கிடந்தான் என்று எழுதமாட்டேன். பெட்டியை மூடியே புதைத்தோம். தூஸ்யாவைப் பார்க்கவிடவில்லை.

மாவட்ட நகரத்திலிருந்து போலீஸ்காரன் வந்தான். கரடி என்று எழுதிக்கொண்டான். தடம் எங்கே என்றேன். பனி மூடியிருக்கும் என்றான். அவன் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ப்ரொகோபி கிடந்த இடத்தில் இருந்தவற்றை அவன்தான் பொறுக்கி எடுத்தான். துப்பாக்கி. ஐந்து தோட்டா. ஐந்தும் முழுசாக, வெடிக்காமல். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் ஊசி குத்திய பள்ளம் ஆழமாக இருந்தது. ஐந்து தடவை போல்ட்டை இழுத்திருக்கிறான். ஐந்து தடவை விசையை அழுத்தியிருக்கிறான்.

"மட்டமான தோட்டா, கெழவா. வேற ஒண்ணுமில்ல," என்றான் போலீஸ்காரன்.

காட்டு என்றேன்.

அவனோடு நகரத்துக்குப் போனேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் மரக்கட்டை அடுக்கு. அதே துப்பாக்கியில் அதே தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் போட்டுச் சுட்டான். பக்கத்தில் நின்றேன்.

ஐந்தும் வெடித்தன.