இராவணன் மீசைக்கு ஒட்டிய சீட்டு

பொறாமை என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு வேறு பெயர் இல்லை. எண்பதுகளின் கடைசியில், லண்டனில் ஒரு கல்லூரியின் தாவரச் சேகரிப்பில் எனக்கு வேலை. வெப்பநாட்டுத் தீவுகளிலிருந்து வந்த காய்ந்த புற்களைத் தடித்த தாளில் ஒட்டி, விவரச் சீட்டை மூலையில் ஒட்டவேண்டும். கையில் பசை, காதில் ரேடியோ, அதட்ட ஆளில்லை.

இன்னொரு ஆள் தேவை என்றபோது, ரெய்னர்ஸ் லேன் பக்கத்துத் தமிழ் மரக்கறிக் கடையில் பழக்கமான ஒரு பிள்ளைக்கு நானே போய்ச் சொன்னேன். யாழ்ப்பாண நகரத்துப் பிள்ளை, தாவரவியல் பட்டதாரி, என்னைவிடப் பத்து வயது இளையவள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதைதான். மூன்றாம் மாதமே சேகரிப்புக்குப் பொறுப்பான பேராசிரியர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலி போட்டுக் கதைத்தார். ஐந்து வருடத்தில் எனக்கு அந்த அறையில் நின்றுதான் பழக்கம்.

எந்தத் தீவில் எந்தப் புல் எதனோடு சேர்ந்து வளர்கிறது, முன்பு சனங்கள் அதை எதற்கு எடுத்தார்கள் என்று பேராசிரியர் திரட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் பழைய கட்டொன்று வந்தது. பிரித்தால், யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துக் கடலில் கிடக்கும் எங்கள் தீவின் இராவணன் மீசைப் புல்.

"இந்த இடம் யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்கவில்லை. லண்டன் வந்த புதிதில் ஒரு கலியாண வீட்டில், "தீவாக்களோ?" என்று கேட்டு ஒருத்தி உதட்டைச் சுழித்தாள். அன்றிலிருந்து கேட்பவர்களுக்கெல்லாம் நான் யாழ்ப்பாண நகரம். அந்தப் பொய் இவளுக்கு வசதியாகப் போயிற்று. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒருதரம் போனதாகச் சொன்னாள். அவ்வளவுதான், தீவைப் பற்றிய எல்லாவற்றுக்கும் அவளே ஆள்.

அரைநாள் போனவள் அவள். நான் பதினெட்டு வருடம் அந்தப் புல்லில் வெறுங்காலோடு நடந்தவள். கடலுக்குக் கிட்ட இராவணன் மீசை, அதோடு பின்னிக்கொண்டு அடம்பன் கொடி, உள்ளே அறுகு, மழைத் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் கோரை. மாடு மேய்ந்ததாலும், காய்ந்ததை நாங்கள் கொளுத்தியதாலும்தான் அந்த இடம் வெட்டவெளியாகக் கிடந்தது. இராவணன் மீசையின் காய்ந்த பூத்தலைகள் காற்றில் உருண்டு வேலியில் வந்து அடையும். அவற்றைப் பொறுக்கித்தான் அடுப்பு மூட்டுவோம். அதன் முள்ளிலையைக் கத்தரி நாற்றைச் சுற்றிப் போட்டால் ஆடு கிட்ட வராது. இத்தனையும் தெரிந்து வைத்துக்கொண்டு பசை தடவ, வயிறு பற்றி எரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் அந்தப் புல்லுக்கான சீட்டோடு வந்தாள். 'கரையோர மணற்புல். முள்ளுள்ளது. மக்களுக்குப் பயன் எதுவுமில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்.

"அக்கா, இது சரியோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

"எனக்கென்ன தெரியும்? சரியாத்தான் இருக்கும்."

அவள் சீட்டை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் போனாள். நான் அந்தச் சீட்டை ஓரம் பிசகாமல் ஒட்டினேன். எங்கள் வேலையில் ஒருமுறை ஒட்டியதை யாரும் உரிக்கக்கூடாது. பிழையென்றால் பக்கத்தில் இன்னொரு சீட்டு ஒட்டி, சொன்னவர் பெயரும் ஊரும் போடவேண்டும். அவளுடைய பிழை நூறு வருடம் இருக்கும் என்று நினைத்தபோது சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சண்டை வந்து தீவுச் சனம் இடம்பெயர்ந்தது. அம்மா கிளிநொச்சியிலிருந்து கடிதம் போட்டாள். எங்கள் குறிச்சியில் ஒரு அடுப்பும் எரியவில்லையாம். விட்டுவந்த மாடுகள் தங்கள்பாட்டில் திரிகின்றனவாம். வேலைக்குப் போகும் ரயிலில் அதை வாசித்தபோது அந்தத் தாள்தான் நினைவுக்கு வந்தது. ஊரில் ஆளில்லை. இங்கே, எங்களுக்கு அந்தப் புல்லால் ஒரு பயனும் இருந்ததில்லை என்று என் கையாலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.

போன உடனே தாளை எடுத்தேன். அடுப்பு, நாற்று, மாடு, நெருப்பு எல்லாவற்றையும் எழுதினேன். பெயரைப் போட்டேன். ஊர் என்ற இடத்தில் கை நின்றது. பிறகு உள்ள ஊரை எழுதி ஒட்டினேன்.

பசை காய முதல் அவள் வந்து வாசித்தாள். கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். கோபித்தால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீங்கள் தீவு ஆள் எண்டு எனக்கு முதலே தெரியும் அக்கா," என்றாள். "இந்தக் கட்டைப் பிரிச்ச அண்டைக்கு எல்லாருக்கும் முள்ளுக் குத்தினது. நீங்கள் மட்டும் அடியில பிடிச்சுத் தூக்கினீங்கள்."

"பிறகேன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"நீங்கள் மறைக்கிறதை நான் எப்பிடிச் சொல்லுறது? அதுதான் சீட்டை உங்களிட்டக் கொண்டுவந்தனான். நீங்கள் திருத்துவீங்கள் எண்டு நினைச்சன்."

அவள் தன் மேசைக்குப் போய்விட்டாள். நான் சீட்டின் மூலையை விரலால் அழுத்திக்கொண்டு இருந்தேன். பட்டத்தையும் நாற்காலியையும் அவளே வைத்திருக்கட்டும், மன்னித்துவிடலாம். நல்ல மனசும் அவளுக்கே வாய்த்ததைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க ஏலவில்லை.